குளத்து மீன்காரர் வீட்டுக்குப் போய் வந்தது

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோணல். நினைவும் இப்போது பெரிய கண் வலை மாதிரி. பெரியது நிற்கும், சின்னது எல்லாம் போய்விடும். நாள் கிழமை மாறி எழுதியிருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாசிகசாலை மலரில் போன தடவை சுவிஸ் போய் வந்த ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு முந்தின தடவை லண்டன். இந்தத் தடவை எழுதித்தர ஒருவரும் இல்லையாம். மலருக்குப் பொறுப்பான ரீச்சர் என் படலையடியில் வந்து நின்றார்.

"நீங்கள் வன்னிக்குப் போய் வந்தனீங்களெல்லோ அம்மா. அதை எழுதித் தாங்கோவன்."

"அது வெளிநாடே பிள்ளை?"

"ஆனையிறவு தாண்டினாப் பேந்தென்ன, வெளிநாடுதான்" என்று சிரித்தார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது உண்மையாகவே இருந்தது. எங்கள் ஒழுங்கையில் கனடாவில் இருக்கிற பிள்ளையை ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற தாய்மார் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்த என் மகளை, அவள் கலியாணம் செய்த பிறகு, இந்தப் பயணம் போகும்வரைக்கும், நான் கண்ணால் காணவில்லை.

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில், கரவெட்டிப் பக்கமிருந்து நேரே வடக்கே வந்தால் கடல் முட்டுகிற இடத்தில் இருக்கிறது. அப்பா கடல், அண்ணைமார் கடல், என்ரை மனிசனும் கடல். அவர் போனவர் போனவர்தான், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே ஒரு மகள், சுகந்தி. அவள் கிளிநொச்சிப் பக்கம் தையல் வேலைக்குப் போன இடத்தில் தயாளன் என்று ஒருவரை விரும்பினாள். காட்டுக்குள் இருக்கிற ஒரு குளத்தில் மீன் பிடிக்கிறவர்.

கடற்கரை ஆட்களுக்கு இது எப்படிப்பட்ட சங்கதி என்று உள்நாட்டு ஆட்களுக்குத் தெரியாது. கடலுக்குப் போகிறவனைத்தான் நாங்கள் தொழிலாளி என்று சொல்லுவோம். குளத்தில் மீன் பிடிக்கிறவனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளத்து மீனை நாங்கள் வாங்குவதும் இல்லை. சேற்று மணம் என்போம். நான் மகளிடம், "உப்பில்லாத தண்ணியை நம்பிப் போறாய், பட்டினி கிடந்து சாகப்போறாய்" என்று சொன்னேன். கலியாணத்துக்குப் போகவில்லை.

கன காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, போன கோடையில் அவள் போன் எடுத்தாள். "அம்மா, எனக்கு ஏழு மாசம்."

முதற் பிள்ளைப்பேறு தாய் வீட்டில் என்பது எங்கள் முறை. என்ன கோபம் இருந்தாலும் தாய் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து புறப்பட வியாழக்கிழமை பகல் நல்ல நேரம் இருக்கிறது என்றார் சாத்திரியார். செவ்வாய்க்கிழமை நான் வெளிக்கிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு வருவது, அது ஒன்றுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

வெறுங்கையோடு போக முடியுமா? விடிய எங்கள் கரையில் வந்து இறங்கின மீனில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். அறக்குளாத் துண்டு, ஓரா, முக்கியமாகப் பால்சுறா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பால்சுறா வறை எவ்வளவு நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை. பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். மீன் பிடிக்கிறவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டு போகிறேனே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர்கள் பிடிப்பது மீன் என்று நான் நினைத்திருந்தால்தானே தோன்றும்.

பஸ்ஸில் என் பக்கத்தில் கோப்பாய்க்காரர் ஒருவர் இருந்தார். வன்னியில் இருக்கிற வயலைப் பார்க்கப் போகிறாராம். ஆனையிறவு தாண்டும்வரை மழை, உரம், குரங்கு என்று கதைத்துக்கொண்டு வந்தார். பிறகு காலைத் தூக்கி ஆசனத்துக்கு மேலே வைத்தார். பெட்டியின் அடியால் ஐஸ் தண்ணீர் ஒழுகி அவருடைய செருப்பை நனைத்துவிட்டது.

கொண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார். "ஆரின்ரை பெட்டி இது?"

எனக்கு வாய் வரவில்லை. நாலு பேருக்கு முன்னால் கதைப்பதென்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோப்பாய்க்காரர்தான் சொன்னார். "ஆச்சியின்ரை. கடலையும் கூட்டிக்கொண்டு வாறா."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரந்தன் கழிந்து சில கட்டை தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. சாரதி இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார், புகை வந்தது. ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெயில் என்றால் சும்மா வெயில் இல்லை. எங்கள் பக்கத்து வெயிலில் காற்று இருக்கும். இங்கே வெயில் தலைக்கு மேலே இறங்கி இருந்துகொள்ளும். பெட்டிக்குள் ஐஸ் கரைகிற சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. வேறு பஸ் வந்து ஏறுவதற்குள் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது.

கடைசிச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். காட்டு வழி. இரண்டு பக்கமும் பாலை மரம், வீரை மரம். பாலைப்பழக் காலம், மரத்தடியெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. போகிற வழியில் ஓட்டோக்காரர் திடீரென்று நிற்பாட்டிவிட்டார். முன்னால் ஒரு யானை, வீதிக்கு நடுவில்.

"தம்பி, கோன் அடியுமன்."

"கோன் அடிச்சா அது எங்களை அடிக்கும் ஆச்சி. அவருக்கு மனம் வந்தாப் போவார். எங்கடை பெரிய உத்தியோகத்தர் மாதிரித்தான்."

அவருக்கு மனம் வருவதற்கு வெகு நேரம் எடுத்தது. நான் யானையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மகளைக் கேட்கவில்லை, அவளுக்கு அது விருப்பமாக இருக்காது. அணைக்கட்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து வீடுகள், எல்லாம் குளத்தில் தொழில் செய்கிறவர்கள். சுகந்தி படலைக்கு வெளியே வந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கறுத்து, முகம் பூரித்து நின்றாள். பட்டினி கிடந்த முகம் அல்ல அது. எனக்கு அழுகை வந்தது. வந்தவுடன் நான் சொன்னது, "ஏன் பிள்ளை வெறுங்காலோடை நிக்கிறாய்?" என்பதுதான். எனக்கு எப்போதும் இப்படித்தான், வாயில் வர வேண்டியது வராது.

சம்பந்தி, மருமகனின் தாய், பின்னால் வந்தா. என்னை விட நாலைந்து வயது குறைவு, வெற்றிலை போட்ட வாய், ஆம்பிளை மாதிரி நடை. பெட்டியைக் கண்டதும், "உதென்ன சம்பந்தி?" என்றா.

"மீன். எங்கடை கரையிலை இண்டைக்கு விடியப் பட்டது."

அவ பெட்டியையும் பார்த்து என்னையும் பார்த்தா. "ஏன், எங்கடை குளம் வத்திப்போச்செண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

சீலையை அவிழ்த்து மூடியைத் திறந்தோம். பால்சுறாவை எடுத்தவுடனேயே மூக்கில் சுள்ளென்று ஏறியது. சுறா கெட்டால் அப்படித்தான், கண் எரியும். ஓராவும் வயிறு வெடித்துவிட்டது. அறக்குளாவில் இரண்டு துண்டு மட்டும் தப்பியது. மிச்சத்தைச் சம்பந்தி மண்வெட்டியோடு கொண்டுபோய்த் தேசிக்காய் மரத்தடியில் தாட்டா. "தேசிக்கு நல்ல பசளை. இனி ஊறுகாய்க்கு உப்புப் போடத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே தாட்டா. சுகந்தி சிரிப்பை அடக்கினாள். நான் சிரிக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு ஜப்பான் மீன் குழம்பு. குளத்து மீனில் அதுதான் அதிகம் படுவதாம், ஏன் அந்தப் பெயர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டார்கள். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மணம் இருந்ததா, இருப்பதாக நான் நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. "எனக்கு வயிறு சரியில்லை" என்று சொல்லிச் சம்பலோடு சோற்றைத் தின்றேன். மருமகன் மெலிந்த ஆள், கதை குறைவு. என் சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கோப்பையில் போட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை விடிய என்னைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அணைக்கட்டில் ஏறி நின்றபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, ஒரு சத்தம் இல்லை. அலை இல்லை, உப்பு இல்லை. கோடைக்குத் தண்ணீர் பின்வாங்கி, செத்த மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. எதிர்க்கரை முழுக்கக் காடு. ஒரு மரக்குற்றி மெல்ல அசைந்தது. "குற்றியில்லை அம்மா, முதலை" என்றாள் சுகந்தி, ஆடு என்று சொல்லுகிற மாதிரி.

பின்னேரம் போட்ட வலையை விடியத் தூக்குகிறார்கள். இயந்திரம் இல்லாத சின்னத் தோணிகள். ஒரு தோணியில் இரண்டு பேர்தான். எங்கள் தோணியில் மருமகனோடு ஏறினது யார் என்று நினைக்கிறீர்கள்? சம்பந்தி. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் இருந்து தண்டு வலித்தா. பக்கத்துத் தோணிகளிலும் புருசன் பெண்சாதி, அண்ணன் தங்கச்சி.

எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. வலை விரித்துக் கிடந்தால் தாண்டவும் மாட்டோம், சுற்றித்தான் போவோம். நான் பிறந்த நாளிலிருந்து கடலோடு இருந்தவள், கடலுக்குள் ஒரு முழம் போனதில்லை. என் மனிசனை எடுத்த தண்ணீரைக் கரையில் நின்றுதான் பார்த்தேன்.

"நீயும் உதிலை ஏறினனியோ?" என்று மகளைக் கேட்டேன்.

"அஞ்சு மாசம் மட்டும் ஏறினனான். இப்ப இவர் விடுறாரில்லை."

"வலையைத் தாண்டுறனியோ?"

"வலைக்கை இருந்துதானம்மா வேலை செய்யிறம். எங்காலை தாண்டுறது!"

மீன் கரைக்கு வந்தது. ஐந்தாறு வகை இருந்தது, ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. ஒரு சின்ன லொறி வந்து நின்றது. தெற்கிலிருந்து வருகிற சிங்கள வியாபாரி, முன்பல்லில் ஒன்று இல்லாதவர். நான் பழக்க தோசத்தில் ஒரு மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். மகள் எனக்குச் சொன்னாள்: "இந்த அம்மா பார்க்கிற பார்வையில் மீனே வெட்கப்படுகிறது. இவவை ஒவ்வொரு நாளும் கொண்டுவராதேயுங்கள், நான் வேறு குளம் தேட வேண்டிவரும்" என்றாராம்.

அந்த வியாபாரியின் ஊரில் குளத்து மீனுக்குத்தான் மதிப்பாம். கடல் மீனைச் சில பேர் தொடுவதும் இல்லையாம், வெடுக்கு மணம் என்று. கடல் மீனுக்கு வெடுக்கு! நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் கடலை வெளியாரின் இழுவைப் படகு, றோலர், வந்து வழித்துக்கொண்டு போகிறது, கிழிந்த வலையோடு எங்கள் பொடியன்கள் கரைக்கு வருகிறார்கள். இங்கே இந்தச் சத்தமில்லாத தண்ணீரில் ஒவ்வொரு நாளும் மீன் படுகிறது. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், மகள் நல்லாயிருக்கிறாளே என்று. வந்தது எரிச்சல்தான். உள்ளதை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். யானை வருகிற நேரம் என்று எல்லா வீட்டிலும் படலையைக் கட்டிவிட்டார்கள். மருமகன் குசினிக்குப் பின்னால் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோனார். ஏதோ மரத்துக்கு ஊற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் கைகழுவி வந்து இருந்ததும் நான் கேட்டேன். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது.

"பிள்ளையை நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டே? தலைப்பிள்ளை தாய் வீட்டிலை எண்டது எங்கடை முறை."

சம்பந்தி வெற்றிலையைத் துப்பினா. "ஏன், இஞ்சை ஆசுப்பத்திரி இல்லையே? கடற்காத்துப் பட்டாப் பிள்ளை கருவாடாயெல்லோ பிறக்கும்."

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா" என்றார் மருமகன். பிறகு என்னைப் பார்த்து, "முறையெண்டாக் கூட்டிக்கொண்டு போங்கோ மாமி. அவவின்ரை விருப்பம்" என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, "வாறன் அம்மா" என்றாள்.

சம்பந்தி எழும்பிப் போய்விட்டா. சுகந்தி உள்ளே போய் உடுப்புகளை எடுத்துப் பையில் அடுக்கினாள். நான் பக்கத்தில் இருந்து மடித்துக் கொடுத்தேன். குழந்தைக்கு என்று தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளும் இருந்தன, அவளுடைய தையல். அவ்வளவு வடிவு. வடிவு என்று சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

இனித்தான் எழுதக் கை கூசுகிற இடம்.

வியாழக்கிழமை விடிய எல்லாரும் குளத்துக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன்பு ஒருக்கால் குளத்தைப் பார்க்க வேண்டும் என்று சுகந்தியும் போனாள். நான் தனிய. மனம் நிறைந்திருந்தது. இரண்டு நாள் அவர்கள் வைத்த மீனைத் தொடாமல் விட்டோமே, கொண்டு வந்ததும் மண்ணுக்குள் போய்விட்டதே, இந்த வீட்டுக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வராது. கையால் செய்வதுதான் வரும். முற்றம் கூட்டினேன், சட்டி பானை கழுவினேன். முகம் கழுவக் குசினிக்குப் பின்னால் போனேன்.

அங்கே ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்ரிக் பீப்பா, இருந்தது. மேலே வலைத்துண்டு போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே அரைவாசிக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் மீன். கையளவு தடிப்பு, நீளம், பாம்புத் தலை மாதிரித் தலை, கறுப்பு. பார்த்துக்கொண்டு நிற்க ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு எடுத்தன.

கடற்கரைப் பெண்ணுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதென்றால் சாகப்போகிறது. செத்துக் கிடந்து வயிறு ஊதினால் ஒன்றுக்கும் உதவாது. உயிர் போவதற்கு முன்பு வெட்டி உப்புக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் அம்மா கையில் கத்தி தந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தது அது. மருமகன் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார், பாவம், இவ்வளவு நல்ல மீன் கெடப்போகிறதே என்று நினைத்தேன். பால்சுறாவுக்கு வந்தது இதற்கும் வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

குசினியில் கட்டியுப்பு இருந்தது. மீன் வெட்டுகிற அருவாளை முற்றத்தில் போட்டு, அதன் பலகையில் இருந்து தொடங்கினேன். முதல் மீனே கையை விட்டுத் துள்ளி முற்றம் முழுக்க ஓடியது. சாம்பல் போட்டுப் பிடித்தேன். குடலை எடுத்த பிறகும் அசைந்தது. சாகப்போகிற மீனுக்கு இவ்வளவு பலமா என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் கை நிற்கவில்லை. முதுகால் பிளந்து, கழுவி, உப்பைத் திணித்து, பாயில் விரித்தேன். பரல் வெறுமையாகும்வரைக்கும். வடிவாகத்தான் செய்தேன். எங்கள் ஊரில் என்னைப் போலக் கருவாடு போட ஆள் குறைவு என்று சொல்லுவார்கள்.

அவர்கள் வந்தபோது நான் பாய்க்குப் பக்கத்தில் காகம் கலைத்துக்கொண்டு இருந்தேன். சம்பந்திதான் முதலில் கண்டா. தோளில் இருந்த வலையைக் கீழே போட்டா.

"என்ன வேலை பாத்தனீங்கள் சம்பந்தி?"

"சாகக் கிடந்துது. வாயைப் பிளந்து பிளந்து…"

"விரால் வாயைப் பிளக்காமல் மூக்கைச் சொறியுமே? அது மேலை வந்துதான் மூச்செடுக்கும். அதுதானே பரலுக்கை உயிரோடை வைச்சிருக்கிறம்!" அவ பாய்க்குப் பக்கத்தில் குந்தினா. "பிள்ளையை எங்கை பெத்தாலும் பெத்தவளுக்குக் குடுக்கவெண்டு என்ரை பொடியன் ஒவ்வொண்டாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்தவன். முதல் கிழமையிலை உயிர் விரால் மிளகு சீரகச் சரக்கரைச்சுக் காய்ச்சிக் குடுத்தாத்தான் உடம்பு தேறும். உங்களுக்கு உது ஆர் சொல்லித் தாறது? உங்களுக்குத்தான் எங்கடை மீன் மீனில்லையே."

விரால் என்ற பெயரைக் கேட்டிருக்கிறேன். உயிரோடு கண்டதில்லை. தண்ணீருக்குள் இருக்கிற மீன் எங்களைப் போலக் காற்றைக் குடித்து வாழும் என்று நான் எப்படி நினைப்பேன்?

"இன்னும் பிடிக்கலாந்தானே தம்பி?" என்று மருமகனைக் கேட்டேன்.

"தண்ணி வத்திற நேரம் கரைக்கு வந்ததுகளைத்தான் மாமி பிடிச்சனான். இனிச் சேத்துக்கை பூந்திடும். மழைக்குத்தான் வெளியிலை வரும்." கொஞ்ச நேரம் பாயைப் பார்த்தார். "பரவாயில்லை. தெரியாமல் செய்ததுதானே. நேரம் பிந்துது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

அவர் பரலைச் சரித்து, மிச்சத் தண்ணீரை ஊற்றி, கழுவி, கவிழ்த்து வைத்தார். அந்த மனிசன் என்னைப் பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

சுகந்தி உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். அவள் பையிலிருந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"ஏன் பிள்ளை?"

"நான் வரேல்லை அம்மா."

"அவர் ஓமெண்டிட்டார். நல்ல நேரம் போகுது."

"அவர் ஓமெண்டுவார். நீங்கள் என்ன செய்தாலும் ஓமெண்டுவார். அதுக்காகத்தான் வரேல்லை." சின்னச் சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவள் அழவில்லை. "உங்களுக்கு எதைப் பாத்தாலும் சாகப்போகுதெண்டுதான் தெரியும், என்னம்மா? நானும் சாகப்போறன் எண்டுதானே சொன்னனீங்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த மீனுக்கு என்ன எண்டு, ஆரும் வரும்வரைக்கும் பாத்திருந்து கேட்டிருக்கலாம்."

கேட்பதுதானே எனக்கு வராதது.

வெளிக்கிடும்போது சம்பந்தி என் ரெஜிபோம் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தா. அதற்குள் உப்புப் போட்ட விரால் முழுவதும் இருந்தது. "உங்கடை சாமான். கொண்டுபோய்க் காய வையுங்கோ." கோபத்தில் சொன்னாவா, மீன் கெடக்கூடாதென்று சொன்னாவா, தெரியாது. மீன்காரிகள் எங்கே இருந்தாலும் மீனைக் கெட விடமாட்டார்கள். மகள் படலைவரைக்கும் வந்தாள். இந்த முறை செருப்புப் போட்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஒரு தடங்கலும் இல்லை. யானை இல்லை, பஸ் நிற்கவில்லை. பெட்டி ஒழுகவும் இல்லை. நல்ல நேரத்தில் புறப்பட்ட பயணம், தனியப் புறப்பட்டது மட்டும்தான். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம், "எங்கையணை போட்டு வாறியள்?" என்று கேட்டா. "மகள் வீட்டை" என்றேன். "குடுத்து வைச்சனீங்கள்" என்றா.

குழந்தை கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. மருமகன்தான் போன் எடுத்துச் சொன்னார். வரட்டே என்று கேட்டேன். போன் சம்பந்தியின் கைக்கு மாறியது. "துடக்குக் கழியட்டும் சம்பந்தி, சொல்லி அனுப்புறம்" என்றா. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து கன நாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானாகப் போகலாம், வழி தெரியும். படலைக்கு வெளியே நின்று என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதல் கிழமை அவளுக்கு என்ன காய்ச்சிக் கொடுத்தார்கள் என்றும் கேட்கவில்லை.

விரால் கருவாடு நன்றாகக் காய்ந்தது. குசினிக்குள் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், தொடவில்லை. போன மாதம் மழை பிடித்து நாலைந்து நாள் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. ஒரு துண்டை எடுத்துச் சுட்டேன். சோற்றோடு வாயில் வைத்தேன்.

சேற்று மணம் இல்லை. நல்ல மீன். சதை பூப்போல உதிர்ந்தது.

ரீச்சருக்கு: எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போடவும். பஸ் நின்றது பரந்தனுக்கு அங்காலேயா இங்காலேயா என்று எனக்கு வடிவாக நினைவில்லை, அந்தப் பக்கம் போய் வருகிறவர்களைக் கேட்கவும். குழந்தைக்கு இப்போது மூன்றாம் மாதமா நாலாம் மாதமா என்றும் எனக்குச் சரியாகத் தெரியாததால் அதை எழுதாமல் விட்டேன். இன்னும் ஒன்று. விரால் தண்ணீருக்கு மேலே வந்துதான் மூச்சு எடுக்கும், அது சாவதற்கான அடையாளம் இல்லை என்று அவர்கள் சொன்னது சரிதானா என்று படித்தவர்கள் யாரிடமாவது விசாரித்துச் சொல்லவும். சில வேளை அவர்கள் சொன்னது பிழையாகவும் இருக்கலாம். அன்று விடிய அந்த மீன்கள் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்திருக்கலாம். அப்படியென்றால் மலரில் போடாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு மட்டும் ஒருக்கால் வந்து சொல்லவும்.